பழைய பங்களாவுக்குள் ஷவர் வேண்டாம்

ஊட்டியில் ஒரு பழைய பங்களா பூட்டிக் கிடந்து, அதை ஒட்டி ஒரு கல்லூரி மைதானமும் இருந்துவிட்டால், பேச்சு எங்கே ஆரம்பிக்கும் என்று சொல்லிவிடலாம். "பசங்களுக்கு டிரஸ் மாத்தக்கூட இடமில்ல சார், இதையே சரிபண்ணிக் கொடுத்துடலாம்." நல்ல யோசனைதான். மலையில் ஆள் புழங்காத வீடு வேகமாகக் கெடும். சன்னலைத் திறந்து காற்றுவிட ஆளில்லை, கணப்பில் நெருப்பு எரிவதில்லை, ஓர் ஓடு நகர்ந்தால் கவனிக்க யாருமில்லை. அந்த ஓர் ஓட்டின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் சில மழைக்காலங்களில் கைமரத்தை உளுக்க வைத்துவிடும். ஆகவே கட்டடத்துக்கு ஒரு வேலை கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். அடுத்து வரும் வரிதான் உறுத்துகிறது. "பின்னாடி ரூம்ல ஆறு ஷவர், நாலு டாய்லெட் போட்டுட்டா போதும்." இந்த வரி வரைபடத்தில் ஏறிவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல கொத்தனாரையும் ஆசாரியையும் கொண்டுவந்தாலும் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றுவது கடினம். அது ஏன் என்று கணக்கோடு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பது நீலகிரிக்குப் பழகிய விஷயம். 1820-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸை இங்குள்ளவர்கள் கல் பங்களா என்றார்கள். வீடாக எழுந்தது, சென்னை மாகாண அரசு கோடைக்கு மலையேறிய காலத்தில் அரசு அலுவலகமானது, 1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கோத்தகிரி கன்னேரிமுக்கில் அவர் 1819-ல் கட்டிய பங்களா பாழடைந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு இப்போது சல்லிவன் நினைவகமாக இருக்கிறது. வீடு, அலுவலகம், கல்லூரி, நினைவகம் என்று இவை எல்லாமே ஈரமில்லாத உபயோகங்கள். அதை வரைபடம் போடும் முன்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குக்காக ஓர் அளவை எடுத்துக்கொள்கிறேன். நீளம் 60 அடி, அகலம் 30 அடி, ஒரே தளம், ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லோ கல்லோ வைத்துச் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர், மேலே தேக்கு டிரஸ்ஸில் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம்) மங்களூர் ஓடு, முன்னால் மரத்தூண் தாழ்வாரம், சில அறைகளில் பலகைத் தளம், இரண்டு புகைபோக்கி. ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இந்த வகைக் கட்டடங்கள் நிறைய உண்டு. விவரம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், நோய் பெரும்பாலும் மாறாது.

முதலில் பின்சுவரைப் போய்ப் பாருங்கள்

மலையில் மைதானம் என்றால் சரிவை வெட்டி நிரவியதுதான். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்துவார்கள். மிஞ்சிய மண் எங்கே போகும்? மைதானத்தின் ஓரத்தில் சும்மா கிடக்கும் கட்டடத்தின் பின்சுவரோடு போய் ஒதுங்கும். அடுத்த முறை ஓடுபாதையைச் செப்பனிடும்போது இன்னொரு அடி ஏறும். இப்படி ஏறி ஏறி, உள்தளத்தைவிட வெளிமண் உயரமாக நிற்கும் சுவர்களை இந்த மலையில் சாதாரணமாகப் பார்க்கலாம். உள்ளே அந்தச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு உப்பி, வெள்ளை உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிரும். "கூரை ஒழுகுது" என்று எஸ்டிமேட்டில் எழுதியிருப்பார்கள். ஒழுகுவது கூரையா மண்ணா என்பதைக் கண்டுபிடிக்கக் கறை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தாலே போதும். மேலிருந்து கீழே வருவது கூரை, கீழிருந்து மேலே ஏறுவது மண். தளத்தில் சந்தேகம் இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் துளிர்த்திருந்தால் ஈரம் அடியிலிருந்து வருகிறது.

மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அந்த மண்ணை எடுக்க வேண்டும். உள்தளத்துக்கு எட்டு அங்குலம் கீழே வரைக்கும் வெளிமண் இறங்க வேண்டும். நீலகிரியில் ஜேசிபி இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பழைய சுவரின் அருகில் அதைக் கொண்டுவருவதை நான் ஒப்பமாட்டேன். கடப்பாரையும் மண்வெட்டியும்தான் சரி. அதன்பின் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு வடிகால் பள்ளம். நூறடிக்கு ஓரடி வாட்டம். உள்ளே வடிதுணி விரித்து, துளையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாயைத் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, அதைச் சுற்றி 20 மி.மீ. ஜல்லி, மேலே 40 மி.மீ. ஜல்லி. துணியை மேலே மடித்து மூட வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர்க் களிமண் இரண்டே மழையில் ஜல்லியை அடைத்துவிடும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, பள்ளத்தைச் சுவரை ஒட்டியே தோண்டுவது. பழைய கட்டடங்களின் அஸ்திவாரம் பல இடங்களில் இரண்டு மூன்று அடிக்கு மேல் இருக்காது. நீளமாக ஒரே நாளில் தோண்டிவிட்டு அன்றிரவு மழை பிடித்தால், அஸ்திவாரத்தின் அடிமண் பள்ளத்துக்குள் சரியும். சுவரின் மூலையில் படிக்கட்டு மாதிரி விரிசல் விழும். முதலில் ஓரிடத்தில் மட்டும் குழி எடுத்து அஸ்திவார ஆழத்தைப் பார்த்துவிட்டு, ஆறடி தோண்டி, ஆறடி விட்டு, தோண்டியதை நிரப்பிய பிறகு விட்டதைத் தோண்டுவதுதான் முறை. ஆகஸ்டில் வேலை வைக்கவே கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மாவட்டம் இது.

வரைபடத்தில் ஒரு கோடு

வடிகால் முடிந்தால் சுவர் காயத் தொடங்கும். இனிதான் ஷவர் எங்கே என்ற கேள்வி. எல்லாத் திட்டமும் திரும்பும் இடம் இதுதான், இங்கே நின்று நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

கால்பந்து ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வந்தால் 22 பேர். ஆளுக்கு 20 லிட்டர் வெந்நீர் என்று மிகச் சிக்கனமாக வைத்தாலே 440 லிட்டர். ஊட்டியில் குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று கொள்வோம். அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஒன்று அந்தத் தண்ணீரை 45 டிகிரிக்குச் சூடாக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஆறு கீசரை ஒன்றாகப் போட்டால் 12 கிலோவாட் இழுக்கும், பழைய வயரிங் அதற்கு ஆகாது. "சரி, சோலார் போட்டுடலாம்" என்று அடுத்த யோசனை வரும். சோலார் என்றால் 500 லிட்டர் தொட்டி மேலே ஏற வேண்டும். தண்ணீர் மட்டுமே அரை டன், ஒரே இடத்தில், தேக்கு டிரஸ்ஸின் மேல். அந்த டிரஸ் ஓட்டின் எடையைப் பரவலாகத் தாங்கத்தான் செய்யப்பட்டது. ஓர் இணைப்பில் அரை டன் இறங்கினால் அந்த இணைப்பு விலகும்.

எடையாவது கண்ணுக்குத் தெரியும். ஆவி தெரியாது. 25 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீரைச் சுமக்கும். அதே காற்று 8 டிகிரிக்குக் குளிர்ந்தால் 8 கிராம்தான் சுமக்க முடியும். மீதி 15 கிராம் எங்கே போகும்? குளிர்ந்த ஓட்டின் அடிப்பக்கத்தில், தகர ஷீட் போட்டிருந்தால் அதன் அடிப்பக்கத்தில், துளியாகக் கட்டி டிரஸ்ஸின் மேல் சொட்டும். 60 கன மீட்டர் அறையில் ஒரு முறை நிறையும் ஆவியிலேயே முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. ஷவர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது நிறைந்துகொண்டே இருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடித்து உளுக்கத் தொடங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் டிரஸ்ஸின் முனைதான் முதலில் போகும், ஏனென்றால் அங்கே காற்றே படாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்பவர்கள் உண்டு. மின்சாரம் நின்ற நாளில், ஃபேன் பழுதான மாதத்தில், குளிர் தாங்காமல் பையன்கள் அதன் வாயை அட்டை வைத்து அடைத்த வாரத்தில், ஆவி மரத்துக்குத்தான் போகும்.

மூன்றாவது, தரைக்கு அடியில் போகும் குழாய். ஷவர், டாய்லெட் எல்லாவற்றுக்கும் தளத்தை உடைத்து டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) இறக்க வேண்டும், சுவரைத் துளைத்து வெளியே எடுக்க வேண்டும். டிராப்பின் கழுத்தில் விழும் மயிரிழை விரிசல் சில வருடங்களுக்கு யார் கண்ணிலும் படாது. அதற்குள் அந்தத் தண்ணீர் அஸ்திவாரத்தின் மண்ணை நனைத்திருக்கும். வெளியே செலவழித்து வடிகால் போட்டு எடுத்த ஈரத்தை, உள்ளே நாமே குழாய் வைத்து ஊற்றுவதாகும்.

ஆகவே வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஈரமான வேலை எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், காய்ந்த வேலை எல்லாம் பழைய கட்டடத்தில். பதினைந்தடி தள்ளி, சரிவில் பழைய கட்டடத்தைவிடக் கீழே, 12 அடிக்கு 30 அடியில் தனியாக ஒரு சிறு கட்டடம். கீழே என்பது முக்கியம். மேலே வைத்தால் அதன் கசிவு பழைய சுவரைத்தான் தேடி வரும். நடுவில் ஒரு சுவர், ஆண்களுக்கு ஒரு பாதி, பெண்களுக்கு ஒரு பாதி, பாதிக்கு மூன்று ஷவர், இரண்டு டாய்லெட். வெளியே பூட்ஸ் கழுவ ஒரு நீளத் தொட்டி, அதன் அடியில் சேறு தங்கும் குழி. இது புதுக் கட்டடம், இங்கே சிமெண்ட்டும் டைலும் இரும்பும் தாராளமாகப் போடலாம். சோலார் தொட்டியும் இதன் தலையில்தான். உறைபனி விழும் ஊர் என்பதால் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகைதான் நல்லது, வெந்நீர்க் குழாய்க்கு வெளியே உறை கட்டாயம்.

இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட நடைபாதை வேண்டும், மழையில் நனைந்துகொண்டு யாரும் வரமாட்டார்கள். ஆனால் நடைபாதையின் கூரையைப் பழைய சுவரில் போல்ட் அடித்து மாட்டக் கூடாது. அதற்கு அதன் சொந்தக் கால்கள். பழைய தாழ்வாரத்தின் விளிம்புக்குக் கீழே இரண்டங்குலம் இடைவெளி விட்டு நுழைய வேண்டும். நாளை வேண்டாமென்றால் கழற்றினால் பழைய கட்டடத்தில் ஓர் ஆணித் துளைகூட இருக்கக் கூடாது.

எல்லோரும் தயங்குவது அனுமதிக்காக. புதிதாக ஒரு கல் வைத்தாலும் மலைப்பகுதி விதிகள், உயர வரம்பு, அழகியல் குழுவின் பார்வை, சில இடங்களில் ஹாகா எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி என்று கோப்பு நகர நாளாகும். அதற்குப் பயந்தே பலர் ஷவரைப் பழைய கட்டடத்துக்குள் நுழைக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 360 சதுர அடி, ஒற்றைத் தளம், பத்தடி உயரம் என்று சிறிதாகக் கேட்டால் கேள்வி குறையும். கோப்புக்காக ஆறு மாதம் காத்திருப்பது, உளுத்த டிரஸ்ஸை மாற்றுவதைவிட எல்லா விதத்திலும் மேல்.

சிமெண்ட்டை உரிப்பது

பழைய கட்டடத்தில் அநேகமாக யாரோ ஒருமுறை சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடிக்கும் ஈரத்தை வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் விரிசல் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லிலேயே தங்கும். சிமெண்ட் கெட்டியாக நிற்க, பின்னால் செங்கல் மண்ணாகிக் கொண்டிருக்கும். கட்டையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடங்களில் பூச்சு ஏற்கெனவே விட்டுவிட்டது, சிற்றுளியால் நெம்பினாலே பாளமாக வரும். கணீரென்று ஒட்டி, பின்னால் காய்ந்தும் இருக்கும் இடத்தை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பிடிவாதமாக உரித்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும், முகம் போன செங்கல் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். எப்படியானாலும் பிரேக்கர் மெஷின் ஆகாது.

உரித்த பிறகு அவசரப்படக் கூடாது. ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை அடிச் சுவர், இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். அத்தனை காத்திருக்க முடியாவிட்டாலும் ஒரு முழுக் கோடையாவது சுவர் வெயிலும் காற்றும் பார்க்கட்டும். லேசான ஈரத்தின் மேல் சுண்ணாம்புப் பூச்சு தாங்கும், எமல்ஷன் பெயிண்ட் தாங்காது. அதனால்தான் இந்த வேலைக்கு இரண்டு கோடை வேண்டும் என்று சொல்கிறேன். நிதி மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும் என்ற நெருக்கடியில் டிசம்பரில் பூச ஆரம்பிக்கிறார்கள். உறைபனி விழும் ராத்திரியில் ஈரமான சுண்ணாம்புக்குள் தண்ணீர் உறைந்து விரியும், காலையில் விரலால் சுரண்டினால் மாவாக வரும். பிப்ரவரி நடுவில் தொடங்கி மே முடிவதற்குள் முடிப்பதே காலம். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் லாரி ஏறுவது பெரும்பாடு, ஆகவே மணலும் சுண்ணாம்பும் மார்ச்சிலேயே மேலே வந்திருக்க வேண்டும்.

பழைய காரையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நன்றாகக் காய்ந்த காரையில் 100 கிராம் எடுத்து உடைத்து, கண்ணாடிக் குவளையில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்து. நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும் வரை ஊற்றி, மிஞ்சியதைக் கழுவிக் காயவைத்து எடை போட்டால் அது மணல், கரைந்து போனது சுண்ணாம்பு. மணலின் பருமனும் நிறமும் கூடவே தெரிந்துவிடும், அதே மாதிரி மணலைத் தேட அது உதவும். பொங்காமல் சிவந்த சேறாகக் கலங்கினால் அது மண் காரை. மண் காரையில் நிற்கும் பங்களாக்களும் இங்கே உண்டு, அவை சிமெண்ட்டின் இறுக்கத்தை அறவே தாங்காது.

நம் அளவுக் கட்டடத்தில் வெளிச்சுவர், கதவு சன்னல் போக, 1,500 சதுர அடி வரும். முக்கால் அங்குலக் கனத்துக்குச் சுமார் 94 கன அடி பூச்சு. ஒரு பங்கு சுண்ணாம்புக் கூழுக்கு மூன்று பங்கு மணல், சேதாரத்தோடு மணல் 110 கன அடி, கூழ் 37 கன அடி. அதற்குச் சுட்ட சுண்ணாம்பு 500 கிலோவை ஒட்டி வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். நீர்த்ததும் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரமாவது ஊற வேண்டும், மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய் மாதிரி வரும். மணலில் மூன்றில் ஒரு பங்கைச் செங்கல் பொடியாக மாற்றினால் மழைபடும் சுவரில் சீக்கிரம் இறுகும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் பூச்சு வேலைக்கான கழுவிய ரகம், தூசி அதிகமிருந்தால் வலைவலையாக வெடிக்கும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் நம் மரபு, கலவைக்கு நல்ல இழைவு கொடுக்கும். அதிகமாக ஊற்றினால் இறுகுவது தாமதமாகும் என்பதால் ஊட்டிக் குளிரில் கை அளவாகத்தான் இருக்க வேண்டும்.

சுவரை நனைத்துவிட்டு முதல் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கட்டைவிரல் நகம் பதியாத அளவுக்கு இறுகிய பிறகுதான் அடுத்தது, குறைந்தது ஒரு வாரம். ஈரச் சாக்குத் தொங்கவிட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும். "கொஞ்சம் சிமெண்ட் போட்டாத்தான் சார் பிடிக்கும்" என்று இரண்டாம் நாள் கொத்தனார் சொல்வார். அவர் சொல்வது வேலை வேகத்துக்காக, கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் ஒரு சட்டிகூடச் சேர்க்க விடக் கூடாது. பூச்சு முடிந்ததும் வெள்ளையடிப்பு மட்டும், மெல்லியதாக மூன்று நான்கு கை.

ஓட்டுக்கு அடியில்

நம் கூரை, முன்னும் பின்னும் பக்கங்களிலும் மூன்றடி நீட்டலோடு, தரையளவில் 2,376 சதுர அடி. 30 டிகிரி சாய்வில் சுமார் 3,800 மங்களூர் ஓடு. ஓட்டுக்கு இரண்டரை கிலோ என்றால் ஒன்பதரை டன். நல்ல ஓடே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத் தண்ணீர் குடிக்கக்கூடும், அடைமழையில் பதினொரு டன்னாகும். ஆகவே ஓட்டை இறக்காமல் டிரஸ்ஸைத் தொடக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக, ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கினால் மறுபக்கத்து எடை டிரஸ்ஸைச் சாய்த்துவிடும். நூற்றுக்குப் பத்து உடையும், 400 ஓடு கையிருப்பு வேண்டும், அதே அச்சு ஓடாகப் பார்த்து. அச்சு மாறினால் நாக்கும் பள்ளமும் பொருந்தாது, ஒழுகும்.

டிரஸ்ஸின் முனைகளைச் சிறு சுத்தியால் தட்டி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அங்கே மரம் போய்விட்டது. முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஜாக்கி கொடுத்துத் தாங்கி, உளுத்ததை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, உத்தரத்தின் உயரத்தைப் போல் நான்கு மடங்கு நீளத்துக்குச் சாய்வு வெட்டு எடுத்து, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு, 12 மி.மீ. துருப்பிடிக்காத போல்ட் போட வேண்டும். பச்சை மரம் போட்டால் காய்ந்து சுருங்கி ஒட்டு விலகும். இடித்த வீட்டு மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஊட்டி செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயத்தின் உத்தரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவைதான். திரும்பச் சுவரில் செருகும்போது முனையைச் சுற்றி ஓரங்குலம் காற்றுக்கு விட வேண்டும். அந்த இடைவெளியைக் கலவை வைத்து அழகாக அடைத்துவிடும் கொத்தனாரின் கையைத் தடுப்பது மேற்பார்வையாளரின் வேலை.

எந்த அறையில் எது

வீடாகக் கட்டிய பலகைத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்பது 500 கிலோ. எடை தூக்கும் பயிற்சிக்குப் பலகைத் தளம் ஆகவே ஆகாது, பார்பெல் ஒருமுறை கை நழுவினால் அடிச்சட்டம் உடையும். தடை ஓட்டச் சட்டங்களோ வேறு கணக்கு. எட்டுத் தடத்துக்குப் பத்து வீதம் 80 சட்டம், ஒன்று குறைந்தது 10 கிலோ, மொத்தம் 800 கிலோ. 12 சதுர மீட்டர் அறையில் பரப்பி அடுக்கினால் சதுர மீட்டருக்கு 70 கிலோகூட வராது, தாராளமாக வைக்கலாம். உயரம் தாண்டும் மெத்தையைக் கொண்டுவர வேண்டாம். அது மூன்றரை அடிக் கதவில் நுழையாது, நுழைக்கச் சுவரை இடிக்கத்தான் யாராவது சொல்வார்கள். அதற்கு மைதானத்திலேயே சக்கரம் வைத்த தகர மூடி போதும்.

உடை மாற்றும் அறை, முதலுதவி, நடுவர் அறை, பயிற்சியாளர் அறை, விளையாட்டுப் பதிவேடுகளும் கோப்பைகளும் இருக்கும் கூடம் எல்லாம் உள்ளே வரலாம். வாசலில் ஸ்பைக் ஷூவைக் கழற்ற ஒரு திண்ணை, நான்கடிக்கு இரும்பு வலைத்தட்டு, அடுத்து ஆறடி கயிற்றுப் பாய். ஊட்டிக் கறுப்பு மண் பலகையில் ஏறினால் போகாது. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இரண்டடி பேஸ்மட்டத்துக்கு 24 அடி, சுவரைத் தொடாமல். வயரிங் வெளிக்குழாயில் மட்டும், சுவரில் பள்ளம் வெட்டக் கூடாது.

தாழ்வாரத்தைப் பார்வையாளர் மேடையாக்கும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. சதுர மீட்டருக்கு நான்கு பேர் நின்றாலே 240 கிலோ, கோல் விழுந்தால் நாலு பேரும் ஒன்றாகக் குதிப்பார்கள். பார்வையாளருக்கு எதிர்ச் சரிவிலேயே கல் படி கட்டலாம், உயரம் 16 அங்குலம், அகலம் 30 அங்குலம். மைதானத்தில் கிரிக்கெட்டும் உண்டென்றால் கட்டடத்தின் முன் வலை வேண்டும், அதன் கம்பங்கள் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி சொந்த அடித்தளத்தில் நிற்க வேண்டும். சுவரில் கொக்கி அடித்து வலை கட்டினால் காற்றுக் காலத்தில் வலை கொக்கியை இழுக்கும், கொக்கி செங்கல்லை இழுக்கும்.

பீலி

மணிக்கு 10 செ.மீ. மழை என்றால் நம் கூரையிலிருந்து ஒரு மணியில் 22,000 லிட்டர் இறங்கும். நான்கங்குலக் குழாய் ஒன்று அந்த வேகத்தில் சுமார் 460 சதுர அடிக் கூரைக்குத்தான் போதும், ஆறு குழாய் வேண்டும். பெரும்பாலான பங்களாக்களில் இரண்டோ மூன்றோதான் இருக்கும், மிச்சம் பீலியின் (கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கும் வாய்க்கால்) விளிம்பில் வழிந்து சுவரை நனைக்கும். மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பீலியைச் சுத்தம் செய்ய வேண்டும். சைப்ரஸ் ஊசியும் கற்பூர மர இலையும் சேர்ந்து மெத்தையாகக் கிடக்கும். மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் இன்னொன்று உண்டு. கிரிக்கெட் பந்தின் விட்டம் ஏழு செ.மீ. சொச்சம், குழாயின் வாய் பத்து. பந்து உள்ளே விழுந்து கீழ் வளைவில் உட்கார்ந்துகொள்ளும், அதன்மேல் இலை அடையும், முதல் பெருமழையில் குழாய் முழுக்கத் தண்ணீர் நின்று இணைப்பு வழியே சுவருக்குள் போகும். ஒவ்வொரு வாயிலும் கம்பி வலைக் கூண்டு ஒன்று கவிழ்த்து வையுங்கள், கையால் தூக்கி எடுக்கிற மாதிரி. கீழ் வளைவில் திருகித் திறக்கும் மூடியுள்ள எல்போ போடுங்கள். மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே ஏணியின் சாவியும் இருக்கட்டும்.